'தற்காலிகம்' என்று கணக்கில் வைத்த கோட்டை: 1984 கிரேட் அட்வென்ச்சர் தீ விபத்து, ஒரு நிகழ்வு ஆய்வு

1984 மே 11, வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம், ஜாக்சன் டவுன்ஷிப்பில் உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் கேளிக்கைப் பூங்காவில் 'ஹான்டட் காசில்' என்ற பேய்க் கோட்டை எரிந்தது. உள்ளே சிக்கிய எட்டுப் பேர் இறந்தார்கள். எல்லோரும் பதின்ம வயதினர். லைட்டர் கொளுத்திய ஒரு பையனின் கவனக்குறைவு என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. தீ எப்படிப் பிறந்தது என்பதற்கு அந்தப் பதில் போதும். எட்டுப் பேர் ஏன் வெளியே வரவில்லை என்பதற்குப் போதாது. இந்த ஆய்வு இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

பின்னணி

பூங்கா 1974இல் திறக்கப்பட்டது. 1977இல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1978இல் சில டிரெய்லர்களை இணைத்துச் சிறிய பேய் வீடு ஒன்றை நிறுத்திப் பார்த்தார்கள். கூட்டம் அள்ளியது. அடுத்த ஆண்டே அதைவிடப் பெரிய கோட்டை எழுந்தது.

இது தண்டவாளத்தில் வண்டி ஓடும் டார்க் ரைடு அல்ல. பார்வையாளர் தம் காலாலேயே நடந்து போகும் அரங்கு. வளைந்து வளைந்து செல்லும் குறுகிய இருட்டு நடை, இடையிடையே பொம்மைக் காட்சிகள், எதிர்பாராத இடத்தில் பாய்ந்து வரும் வேடமிட்ட ஊழியர்கள். வண்டி ஓடும் அரங்குக்கும் இதற்கும் பாதுகாப்பில் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வண்டியில் உட்கார்ந்திருப்பவரை இயந்திரம் வெளியே கொண்டுவந்து சேர்க்கும், அல்லது நின்ற இடத்திலிருந்து ஊழியர் வந்து இறக்குவார். நடைவழி அரங்கில் ஒவ்வொருவரும் தாமே வழி கண்டுபிடித்தாக வேண்டும். வழி தெரியாமல் திணற வைப்பதுதான் அந்த அரங்கின் வியாபாரமே.

கட்டிய விதம்

வெளியிலிருந்து பார்த்தால் கோட்டைச் சுவர், கோபுரம், நுழைவுப் பாலம். பின்னால் இருந்தது சரக்கு ஏற்றும் அலுமினிய டிரெய்லர்கள், மொத்தம் 17. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 அடி அகலம், 40 அடி நீளம். பக்கச் சுவர்களில் வாசல் வெட்டி ஒன்றோடொன்று இணைத்து, உள்ளே பிளைவுட் தடுப்புகளால் நடையை மடக்கி மடக்கி அமைத்திருந்தார்கள். தடுப்புகளிலும் காட்சிகளிலும் துணி, தார்த் தாள், ஃபோம் போன்றவை தாராளமாக இருந்தன. தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் நீர்த்தெளிப்பான் இல்லை. புகை உணரியும் இல்லை.

இல்லாததற்குக் காரணம் ஒரு சொல். டிரெய்லருக்குச் சக்கரம் உண்டு, ஆகவே இது கட்டடம் அல்ல, தற்காலிக அமைப்பு என்று கொள்ளப்பட்டது. நிலையான கட்டடமாக இருந்திருந்தால் அனுமதி, வரைபடப் பரிசோதனை, நீர்த்தெளிப்பான் என்று ஒவ்வொரு படியிலும் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். அந்தத் தற்காலிக அமைப்பு நின்ற இடத்தைவிட்டு நகராமல் ஐந்து பருவங்களைக் கடந்து ஆறாவது பருவத்தில் நுழைந்திருந்தது. சக்கரம் கணக்கில் மட்டும்தான் உருண்டது.

முன்பே எடுத்த முடிவுகள்

மூன்று முடிவுகள் அன்று மாலைக்கு வெகுமுன்பே எடுக்கப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றும் அது எடுக்கப்பட்ட நேரத்தில் நியாயமாகத்தான் தோன்றியிருக்கும்.

முதலாவது, டிரெய்லர். விலை குறைவு, வேகமாக நிறுவலாம், பிடிக்காவிட்டால் அகற்றலாம். ஆனால் டிரெய்லர் என்பது 8 அடி அகலமுள்ள நீண்ட பெட்டி. கூரை தாழ்வு, சன்னல் கிடையாது, புகை மேலே ஏறித் தங்க இடமும் கிடையாது. பதினேழு பெட்டிகளைக் கோத்தால் ஒரு நீண்ட குழாய்தான் மிஞ்சும்.

இரண்டாவது, ஃபோம் மெத்தை. இருட்டில் ஓடி வருபவர்கள் திருப்பத்தில் சுவரில் மோதிக் காயப்படக்கூடாது என்று மெத்தென்ற பாலியூரித்தேன் ஃபோம் பொருத்தியிருந்தார்கள். கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. அக்கறையின்மையால் வந்த பொருள் அல்ல அது, பாதுகாப்புக்காகவே வைத்தது. நெற்றி வீங்குவதைத் தடுக்க, தீக்குச்சிச் சுடர் பட்டாலே பற்றும் பொருளைக் கை எட்டும் உயரத்தில் ஒட்டினார்கள். ஓர் ஆபத்தைக் குறைக்கும்போது எந்த ஆபத்தை உள்ளே விடுகிறோம் என்று கேட்கும் வேலை யாருடைய பொறுப்பிலும் இருக்கவில்லை.

மூன்றாவது, எச்சரிக்கைகளைத் தள்ளிப்போட்டது. பாதுகாப்பு ஆலோசகர்கள் தீத்தடுப்பு வசதிகளைப் பரிந்துரைத்தும் பூங்கா செய்யவில்லை என்பது பின்னால் நடந்த வழக்கில் அரசுத் தரப்பின் மைய வாதம். உள்ளூர் அதிகாரிகள் வந்து பார்த்தவர்கள்தான், குறை எதுவும் சொல்லவில்லையே என்பது எதிர்த்தரப்பின் பதில்.

இத்தனைக்கும் ஐந்தாண்டு முன்பு, 1979 ஜூன் 9 இரவு, ஆஸ்திரேலியாவின் சிட்னி லூனா பார்க்கில் 'கோஸ்ட் டிரெயின்' எரிந்து ஏழு பேர் இறந்திருந்தார்கள். அதிலும் நீர்த்தெளிப்பான் இல்லை. அது வண்டி ஓடும் அரங்கு என்பதால், வெளியே வந்துகொண்டிருந்த வண்டிகளிலிருந்து ஊழியர்கள் ஆட்களை இழுத்து இறக்க முடிந்தது. அதனால் பலர் பிழைத்தார்கள். உலகத்தின் மறுகோடியில் நடந்த அந்தப் பாடம் நியூ ஜெர்சிக்கு வந்து சேரவில்லை.

அன்று மாலை

மணி ஆறரையை ஒட்டிய நேரம். உள்ளே ஏறத்தாழ முப்பது பேர் இருந்தார்கள். நடையின் ஒரு பகுதிக்கு ஒளி தரவேண்டிய ஸ்ட்ரோப் விளக்கு, அதாவது விட்டு விட்டு மின்னும் விளக்கு, பழுதாகியிருந்தது. அங்கே வழி தெரியவில்லை. ஓர் இளைஞன் சிகரெட் லைட்டரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் முன்னே போனதாகவும், லைட்டர் சுவர் மெத்தையில் பட்டுத் தீப்பற்றியதாகவும் கூட இருந்த ஒரு சிறுவன் பின்னர் சொன்னான். விசாரணையாளர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம் இதுதான்.

ஒரு மணி நேரம் போலக் கழித்துத் தீ கட்டுக்குள் வந்தது. உள்ளே யாரும் இல்லை என்றே முதலில் நம்பினார்கள். இடிபாடுகளில் தேடியவர்களின் கண்ணில் பட்ட கருகிய உருவங்களை, அரங்குக்கென வைத்திருந்த பொம்மைகள் என்று நினைத்தார்கள். பொம்மை அல்ல என்று தெரிந்தது அதற்குப் பிறகுதான். இறந்தவர்களை அடையாளம் காணப் பல் மருத்துவப் பதிவுகள் தேவைப்பட்டன.

தீ ஓடிய வழி

மெத்தையில் பயன்படும் மிருதுவான பாலியூரித்தேன் ஃபோம் முழுக்கத் துளைகளால் ஆனது. துளைச் சுவர்கள் மிக மெல்லியவை. காற்றும் உள்ளேயே இருக்கிறது. அதனால் சிறு சுடர் பட்டாலே பற்றும். பற்றியது உருகிச் சொட்டும். சொட்டு தரையில் விழுந்து அங்கேயும் எரியும். வேதிப் பூச்சு இல்லாத ஃபோம் செங்குத்துச் சுவரில் இருந்தால் சுடர் மேல்நோக்கி ஓட வினாடிகள் போதும். எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். இரண்டும் ஆளை மயக்கிக் கீழே தள்ளும் வாயுக்கள்.

சூடான புகை கூரையில் முட்டிப் பக்கவாட்டில் பரவும். திறந்த மண்டபத்தில் அது படர்ந்து மெலியும். 8 அடி அகலப் பெட்டியில் பரவ இடமில்லாததால் அடுக்கு வேகமாகத் தடித்துத் தலை மட்டத்துக்கு இறங்கும். கூரையடிப் புகையின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, கீழே உள்ள துணி, பிளைவுட், தார்த் தாள் எல்லாம் சுடர் தொடாமலே ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அதாவது, அறை முழுதும் பற்றிய பிறகு பெட்டியின் உடலே நீண்ட நேரம் தாங்காது. குளிர்சாதனக் காற்றோட்டமும் சேர்ந்து தீயை விசிறியது.

புகைக்கு ஒரு டிரெய்லரிலிருந்து அடுத்ததற்குப் போக இருந்த வழி, பார்வையாளர் போகும் அதே வாசல்தான். ஒருவழி நடை என்பதால் தீக்கு முன்னால் இருந்தவருக்கு வாசல் முன்னே இருந்தது. பின்னால் இருந்தவர் தாம் வந்த வழியே திரும்ப வேண்டும். வந்த வழியோ குழப்புவதற்கென்றே மடக்கப்பட்டது. வெளிச்சமான தாழ்வாரத்தில் சாதாரணமாக நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் போல நடப்பார். கண் தெரியாத புகையில் சுவரைத் தடவிக்கொண்டு போகும்போது 0.3 மீட்டர் என்ற அளவுக்கு அது விழும். 30 மீட்டர் தொலைவை 25 வினாடியில் கடக்க வேண்டியவருக்கு 100 வினாடி ஆகும். ஃபோம் தீ அந்த 75 வினாடியைக் கடன் தராது.

இன்னொன்று. பேய் வீட்டுக்குள் அலறல் கேட்டால் யாரும் திடுக்கிட்டு ஓடமாட்டார்கள்; சிரிப்பார்கள். புகை தெரிந்தால் புகை இயந்திரம் என்பார்கள். செந்நிற ஒளி தெரிந்தால் காட்சி என்பார்கள். மற்றக் கட்டடங்களில் மனிதரை எச்சரிக்கும் எல்லா அடையாளங்களும் இங்கே டிக்கெட் விலைக்குள் அடக்கம். ஆகவே, 'இது விளையாட்டு அல்ல' என்று அரங்கே அறிவித்தாக வேண்டும். விளக்கை முழுதாக எரியவிட்டு ஒலியை நிறுத்துவதுதான் அந்த அறிவிப்பு. ஹான்டட் காசிலில் புகையைக் கண்டு தானாக அதைச் செய்யும் ஏற்பாடு எதுவும் இல்லை.

வழக்கு

1984 செப்டம்பரில் பூங்கா நிறுவனத்தின் மீதும் அதன் தாய் நிறுவனத்தின் மீதும் மரணம் விளைவித்த குற்றம் சாட்டப்பட்டது. நிர்வாகிகள் இருவர் மீதும் வழக்கு வந்தது. அவர்கள் விசாரணைக்கு முந்திய மாற்றுத் திட்டத்தில் சேர்ந்து, சமூகப் பணி செய்து விடுபட்டார்கள். நிறுவனங்களை 1985 ஜூலையில் ஜூரி விடுவித்தது. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது, எந்த முன்னேற்பாடு இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது என்பது எதிர்த்தரப்பு வாதம்.

அந்தக் கடைசி வாதத்தைத் தொழில்நுட்பக் கண்ணால் பார்த்தால் ஏற்பது கடினம். நீர்த்தெளிப்பானில் பொதுவாகப் பொருத்தும் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரியில் உடைந்து தண்ணீரைத் திறந்துவிடும். தாழ்ந்த கூரைக்கு அடியில் ஃபோம் எரியும்போது அந்த வெப்பம் மிக விரைவில் வந்துவிடும். தீயை யார் வைத்தார், ஏன் வைத்தார் என்று குமிழ் கேட்பதில்லை. ஆனால் குற்றவியல் ஜூரியின் முன் இருந்த கேள்வி வேறு: நிறுவனம் தெரிந்தே உயிரோடு விளையாடியதா என்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'விடுதலை ஆகிவிட்டது, ஆகவே பிழை இல்லை' என்று படிப்பவர்கள் இந்த நிகழ்விலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

விதிகளில் வந்த மாற்றம்

விபத்துக்குப் பிறகு அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்புகளில் 'சிறப்புக் கேளிக்கைக் கட்டடம்' என்ற தனி வகை நுழைந்தது. ஒளி, ஒலி, வடிவமைப்பு ஆகியவற்றால் வெளியேறும் வழி எளிதில் புலப்படாத எந்த அரங்கும் இதில் அடங்கும். நடந்து போவதா, வண்டியில் போவதா, நிலையானதா, நகர்த்தக்கூடியதா என்ற வேறுபாடு இல்லை.

அமெரிக்காவில் பின்பற்றப்படும் இன்றைய சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பின் (IBC) 411ஆம் பிரிவைப் படித்தால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அந்த மாலை நிற்பது தெரியும். நீர்த்தெளிப்பான் கட்டாயம். தற்காலிக அரங்கானால் தண்ணீர் வரும் ஏற்பாடும் தற்காலிகமாக இருக்கலாம், ஆனால் அது ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். அதாவது 'தற்காலிகம்' என்ற சொல் இனித் தண்ணீர்த் தொட்டியின் வகையைத்தான் மாற்றும், தெளிப்பானை நீக்காது. விலக்கு, பரப்பு 1,000 சதுர அடிக்குக் குறைவாகவும், எந்த இடத்திலிருந்தும் வாசலுக்கு நடை 50 அடிக்குக் குறைவாகவும் இருக்கும் சிறிய தற்காலிக அரங்குக்கு மட்டும். 8க்கு 40 அடி டிரெய்லர் 320 சதுர அடி. மூன்றைத் தாண்டி நான்காவதை இணைத்த நொடியில் விலக்கு போய்விடும். அதற்கு முன்பே, ஒரே டிரெய்லருக்குள் நடையை இரண்டு முறை மடக்கினால் 50 அடி தாண்டிவிடும்.

புகை உணரியில் ஒன்று இயங்கினாலும், எப்போதும் ஆள் இருக்கும் கட்டுப்பாட்டு இடத்தில் மணி அடிக்க வேண்டும். இரண்டு உணரிகள் இயங்கினாலோ தெளிப்பான் திறந்தாலோ அரங்கு தானாக மூன்று காரியம் செய்ய வேண்டும்: வெளியேறும் வழியில் குறைந்தது 11 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) ஒளி, குழப்பும் ஒலி ஒளி எல்லாம் நிறுத்தம், வழி காட்டும் குறிகள் எரிதல். கண்ணாடியும் புதிர்ப்பாதையும் இருந்தால் குறிகள் தரையை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும். புகை கடைசியில்தான் அங்கே வரும். உட்சுவர்ப் பூச்சுகள் சுடர் பரவும் குறியீடு 25ஐத் தாண்டாத முதல் வகுப்பாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் எங்கே தவறுகிறது, எதை மாற்றுவது

விதி எழுதினால் போதாது. இந்த வகை அரங்குகளில் மீண்டும் மீண்டும் பழுதாவது புகை உணரிதான். கிளைக்கால் (glycol) திரவத்தால் செயற்கைப் புகை எழுப்பும் இயந்திரம் ஓடும் இடத்தில் சாதாரண உணரி நாளுக்கு நான்கு முறை கத்தும். ஐந்தாவது முறை யாராவது அதன் மீது பிளாஸ்டிக் உறை மாட்டுவார். உறையை மாட்டியவரைத் திட்டிப் பயனில்லை. அந்த இடத்துக்குத் தவறான உணரியைத் தேர்ந்ததுதான் பிழை. விதியே இதற்கு இடம் தருகிறது: புகைக் காட்சி உள்ள பகுதியில் ஒப்புதல் பெற்ற வேறு வகை உணரி வைக்கலாம். வெப்ப உயர்வு உணரி ஒரு வழி, ஆனால் அது தாமதமாகத்தான் எழும். காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் வகையை அந்த அரங்கின் இயல்பான புகை அளவுக்குச் சரிசெய்து வைப்பது செலவு கூடியது, பலன் நல்லது.

காட்சி விளக்கே வழி விளக்காக இருக்கக்கூடாது. ஸ்ட்ரோப் பழுதானதும் நடை முழு இருட்டானது என்றால் அங்கே வேறு விளக்கு இல்லை என்று பொருள். தரையோரச் சிறு விளக்குகள் தனிச் சுற்றில், மின்கல ஆதரவோடு இருக்க வேண்டும். காலையில் திறக்கும்முன் இருவர் நடந்து பார்க்கும் பட்டியலில் 'காட்சி விளக்கு எரியவில்லை' என்பது பராமரிப்புக் குறை அல்ல, அரங்கை மூடவேண்டிய குறை.

மெத்தை தேவையென்றால் முதலில் மெத்தை தேவைப்படாத திருப்பத்தை வரையலாம். கூர் மூலையை வளைத்தாலே மோதல் பாதி குறையும். அப்படியும் வேண்டுமானால் தீத்தடுப்புச் சான்று உள்ள பொருளை, எரியாத உறைக்குள் வைக்க வேண்டும். துணிகளுக்குச் சான்றிதழ் மட்டும் பார்த்து நிறுத்தக்கூடாது. ஒரு துண்டை வெட்டி வெளியே எடுத்துப்போய்த் தீக்குச்சிச் சுடரில் 12 வினாடி காட்டி எடுத்தால், 2 வினாடிக்குள் அணைய வேண்டும், எரியும் சொட்டு விழக்கூடாது. தெளித்துப் பூசிய தீத்தடுப்புத் திரவம் தண்ணீர் பட்டாலும் துவைத்தாலும் கழுவிப் போகும். பருவத்துக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்க வேண்டும்.

ஆள் கணக்கு மலிவான ஏற்பாடு. நுழைவில் ஒருவர், வெளியேற்றத்தில் ஒருவர், கையில் எண்ணும் கருவி. இரண்டு எண்ணுக்கும் உள்ள வேறுபாடே உள்ளே இருப்பவர் எண்ணிக்கை. அது இருந்திருந்தால் 'எல்லோரும் வந்துவிட்டார்கள்' என்று அன்று யாரும் நம்பியிருக்க முடியாது. பொம்மைகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் குறித்த வரைபடம் ஒன்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தால், தீயணைப்பு வீரர் எந்த உருவம் கணக்கில் இல்லாதது என்று உடனே அறிவார்.

பொருட்காட்சித் திடல்களில் ஒரு மாதத்துக்கு நிறுத்தும் பேய் வீடுகளும் இதே உடலமைப்புதான்: இரும்புக் குழாய்ச் சட்டம், பிளைவுட், கறுப்புத் துணி, தெர்மோகோல். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் ஐ.எஸ். 8758 தற்காலிக அமைப்புகளுக்கும் பந்தல்களுக்குமான தீத்தடுப்பு ஏற்பாடுகளைச் சொல்கிறது. 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில், விளையாட்டுக் கேளிக்கைக் கூடம் ஒன்று எரிந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதுவும் தற்காலிகக் கூரை அமைப்பு. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று பெறாமல் இயங்கியது. திடல் உரிமம் தரும் அதிகாரி இந்த வகை அரங்கில் நுழைந்ததும் முதலில் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. நடு நடையில் நின்றுகொண்டு, கட்டுப்பாட்டு ஆளிடம் எல்லா விளக்கையும் போடச் சொல்லி, கடிகாரத்தைப் பார்ப்பது. விளக்கு வர எத்தனை வினாடி, ஒலி நிற்க எத்தனை வினாடி, நின்ற இடத்திலிருந்து வாசல் குறி கண்ணுக்குத் தெரிகிறதா. அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று ஆள் தேட ஆரம்பித்தால், உரிமத்தை அன்று கையெழுத்திட வேண்டியதில்லை.